குற்றத்தை ஒத்துக்கொள்ள வந்தவர்

கோர்ட்டில் என்னை என்னவென்று கூப்பிடுவது என்று ஆரம்பத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கு முன்னால் அந்த மாஜிஸ்திரேட் நாற்காலியில் பெண்பிள்ளை யாரும் உட்கார்ந்ததில்லை. என்னுடைய தமிழ் மொழிபெயர்ப்பாளர் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே அங்கே வேலை பார்த்தவர், ஜப்பான்காரன் வந்து போனதையும் பார்த்தவர். அவர் எழுந்து நின்று தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "கனம் ஐயா அவர்களே" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். பின் பெஞ்சில் ஒரே சிரிப்பு. "ஐயாவா நான்?" என்று இடைவேளையில் கேட்டேன். "அது நாற்காலிக்குச் சொல்றதுங்க, உங்களுக்கு இல்ல" என்றார். சரியான பதில்தான். அதற்குப் பிறகு நான் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

கோர்ட் மொழி ஆங்கிலம். எதிரே நிற்கிறவர் தமிழில் பேசினாலும், மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொன்ன பிறகுதான் நான் கேட்டதாக ஆகும். என் தாய்மொழியில் ஒருத்தி என் கண் முன்னால் தலையில் அடித்துக்கொண்டு அழுவாள். நான் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்பேன். கொஞ்சம் கழித்து அந்த அழுகை ஆங்கிலத்தில் வந்து சேரும். நடிப்பு என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். நிற்கிறவர் சீனராக இருந்தால் என் காதில் என்ன விழுமோ, அதுதான் தமிழருக்கும் விழ வேண்டும். அந்த விஷயத்தில் நான் பிடிவாதக்காரி. என் அம்மா இதையே வேறு மாதிரிச் சொல்வாள்: "உனக்கு நெஞ்சுக்குள்ள ஈரமே கிடையாதுடி."

அப்பா துறைமுகத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து காலமானவர். அம்மாவும் நானும் சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில், வரிசை வீட்டில் இருந்தோம். நான் மாஜிஸ்திரேட் ஆன செய்தி தேக்கா பாசாரில் மீன் விற்கிறவர்களிலிருந்து கடை முன் அஞ்சடி நடைபாதையில் பூ கட்டுகிறவர்கள் வரை பரவிவிட்டது. "நம்ம பொண்ணு ஜட்ஜாயிடுச்சு!" ஜட்ஜ் இல்லை, மாஜிஸ்திரேட் என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்? எல்லாருக்கும் நான் ஜட்ஜம்மா. அதுவாவது பரவாயில்லை. 'நம்ம பொண்ணு' என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. நம்ம பொண்ணு என்றால் நமக்குச் செய்யும் என்று அர்த்தம். கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினேன். யார் வீட்டிலும் கை நனைப்பதில்லை. கோயிலுக்குக்கூட கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய்விட்டு, ஒருவரிடமும் பேசாமல் திரும்பி வருவேன். தலைக்கனம் என்றார்கள். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிராங்கூன் ரோட்டில் துணிக்கடை வைத்திருந்த ஒரு பெரிய மனிதர், தமிழர் சங்கம் ஒன்றின் தலைவர், பழத்தட்டோடு வந்து எங்கள் வீட்டுக் கேட்டுக்கு வெளியே நின்றார். கூட இரண்டு பேர். நானே இறங்கிப் போனேன். கேட்டைத் திறக்கவில்லை.

"மன்னிக்கணும் ஐயா. கேஸ் ஏதாவது இருந்தா வக்கீல் மூலமா கோர்ட்டுல சொல்லுங்க."

"என்னம்மா இது, நான் வாயே திறக்கலியே!"

"திறக்க வேண்டாம்னுதான் சொல்றேன்."

மனிதருக்கு முகம் சுண்டிவிட்டது. தட்டைத் தூக்கிக்கொண்டு போனார்கள். உள்ளே வந்தால் அம்மா அடுப்பங்கரையில் பாத்திரத்தை நங்கென்று வைக்கிறாள். "வந்தவங்களுக்கு ஒரு கோப்பி குடுக்க வக்கில்லையா நமக்கு? கல்யாணப் பேச்செடுத்து வந்திருந்தா? அவரு தம்பி மகன் டாக்டருக்குப் படிக்கிறானாம்."

"கல்யாணப் பேச்சுன்னா தட்டுல பூ இருந்திருக்கும்மா. இதுல அன்னாசிப்பழந்தான் இருந்துச்சு."

அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும் அந்தச் சிரிப்பு அதிக நாள் தங்கவில்லை. அவர் என்ன சொல்ல வந்தார் என்பது அடுத்த வாரமே கோர்ட்டில் தெரிந்துவிட்டது.

காளாங் ஆற்றோரம் ஒரு ரப்பர் ஆலையில் வேலைநிறுத்தம். அந்தக் காலத்தில் இந்த ஊரில் வேலைநிறுத்தம் இல்லாத மாதமே கிடையாது. ஆலை வாசலில் தள்ளுமுள்ளு நடந்து, யாரோ எறிந்த கல் ஒரு போலீஸ்காரர் தலையில் பட்டுவிட்டது. எறிந்தவர் என்று ஒரு தமிழ்த் தொழிலாளியைப் பிடித்திருந்தார்கள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும், ஒல்லியான ஆள். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்தவர், பிரஜை இல்லை. மனைவி இங்கேயே பிறந்தவள். எருமைகள் கட்டும் தெருவுக்குப் பின்னால் ஓர் அறையில் குடித்தனம், இடுப்பில் ஒரு பெண் குழந்தை. இந்த விவரமெல்லாம் காகிதத்தில் இருந்தது. பிரஜை இல்லாத ஒருவர் மேல் குற்றம் ருசுவாகிவிட்டால், நான் எச்சரித்து விட்டாலும் சரி, ஜெயிலில் போட்டாலும் சரி, மேலே இருக்கிறவர்கள் அவரைக் கப்பலில் ஏற்றிவிடலாம். அது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

தொழிற்சங்கம் வைத்துக்கொடுத்த வக்கீலை அன்று காலையில் அவரே வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். குற்றச்சாட்டைப் படித்து, ஒத்துக்கொள்கிறீரா என்று கேட்டார்கள்.

"ஒத்துக்கிறேன் தாயே. நான்தான். தப்புதான்." என்று சொல்லிக் கும்பிட்டார். கண்ணில் தண்ணீர். ஆனால் முகத்தில் பயமே இல்லை! அதுதான் எனக்கு உறுத்தியது.

கல்லை எங்கிருந்து எடுத்தீர் என்று கேட்கச் சொன்னேன்.

"கல்லா?" சுற்றுமுற்றும் பார்த்தார். "நீங்க எந்த எடம்னு சொல்றீங்களோ, அங்கேருந்துதான் தாயே."

பின் பெஞ்சில் சிரித்தார்கள். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. எறிந்தபோது போலீஸ்காரர் எந்தப் பக்கம் நின்றார் என்று கேட்டேன். அந்த மனிதர் கூண்டை விட்டு இறங்கி வந்து, என் மேஜைக்கு எதிரே நெடுஞ்சாண்கிடையாகத் தரையில் விழுந்துவிட்டார். "துணிக்கடைக்காரரு சொன்னாரு தாயே, உக்காந்திருக்கிறது நம்ம அம்மா, விழுந்து ஒத்துக்கிட்டா விட்டுடும்னு!"

காவலர்கள் ஓடி வந்து தூக்கினார்கள். மொழிபெயர்ப்பாளர் அத்தனையையும், 'நம்ம அம்மா' உட்பட, ஒரு வார்த்தை விடாமல் ஆங்கிலத்தில் சொன்னார். சொல்லும்போது அவர் காது சிவந்துபோயிருந்தது. எனக்கும்தான்.

அந்த மனிதரை முட்டாள் என்று நினைக்காதீர்கள். நம் ஜனங்கள் ரப்பர் தோட்டங்களில் அப்படித்தான் பிழைத்தார்கள். கங்காணி முன்னாலோ பெரிய கிராணி முன்னாலோ நிறுத்தினால், செய்தேனா இல்லையா என்று வாதாடுவது திமிர். நாலு பேர் பார்க்கக் காலில் விழுந்துவிட்டால் விஷயம் அதோடு முடிந்தது. செய்தவனும் விழுவான், செய்யாதவனும் விழுவான். இவரும் அந்தப் பழக்கத்தை அப்படியே கோர்ட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். இங்கே ஒத்துக்கொண்டால் அது காகிதத்தில் ஏறிவிடும், அப்புறம் யார் காலில் விழுந்தாலும் அழியாது என்று அவருக்குச் சொல்ல ஒரு நாதி இல்லை. சொல்ல வேண்டிய வக்கீலையும் அனுப்பிவிட்டார். அந்தத் துணிக்கடைக்காரர் மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

அந்த ஒப்புதலை நான் ஏற்கவில்லை. விசாரணை நடக்கும் என்று எழுதினேன். பிறகு மொழிபெயர்ப்பாளர் வழியாக அவருக்கு ஒன்று சொன்னேன். இது மன்னிப்புக் கேட்கும் இடமில்லை. நான் யாருடைய அம்மாவும் இல்லை. எனக்குப் பிடிக்கும் என்று எதையும் சொல்ல வேண்டாம். செய்திருந்தால் செய்தேன் என்றும், செய்யவில்லை என்றால் செய்யவில்லை என்றும் சொல்லும், உண்மையைச் சொல்கிறவருக்கு இந்தக் கோர்ட்டில் பயம் வேண்டாம் என்றேன். பின் பெஞ்சில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண், மொழிபெயர்ப்பாளரை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மனைவி என்று அப்போதே புரிந்தது.

விசாரணைக்குச் சில நாள் முன்னால் என் அறைக்குத் தொலைபேசி வந்தது. பேசியவர் மேலிடத்தில் பெரிய பதவியில் இருந்தவர். நான் இங்கிலாந்தில் சட்டம் படித்த நாளிலிருந்து தெரிந்தவர். நல்ல மனிதர், அதையும் சொல்லிவிடுகிறேன். நலம் விசாரித்தார், மழையைப் பற்றிப் பேசினார். பிறகு, "அந்த ஆலை கேஸ் எப்போ முடியும்? மேல கேக்கறாங்க லா" என்று எங்கள் ஊர் 'லா'வோடு இழுத்தார்.

"மேல கேக்கறவங்களை வந்து பின் பெஞ்சுல உக்காந்து கேக்கச் சொல்லுங்க. எடம் இருக்கு."

சிரித்தார். "நீ மாறவே இல்ல" என்று வைத்துவிட்டார். அவர் அப்படிச் செய், இப்படிச் செய் என்று ஒன்றும் சொல்லவில்லை. எப்போது முடியும் என்றுதான் கேட்டார். ஆனாலும் எனக்குப் பயம் வந்தது. பழத்தட்டுக்கு நான் பயப்படவில்லை. தெருவிலிருந்து வருகிறவரைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிடலாம். இந்தக் குரலுக்கு ஏது கேட்? நீதிபதியின் சுதந்திரம் என்று பின்னாளில் என்னை மேடை மேடையாகப் பேசக் கூப்பிட்டார்கள். மாலை போட்டார்கள், பெண்ணினத்தின் பெருமை என்றார்கள். அப்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது, மழையைப் பற்றிப் பிரியமாகப் பேசிய அந்தக் குரல்தான். மிரட்டினால் எதிர்த்து நிற்பது சுலபம். பிரியமாகக் கேட்டால் எப்படி முகத்தை முறித்துக்கொள்வது? முறித்துக்கொள்ளத்தான் வேண்டும். வேறு வழி எனக்குத் தெரியாது.

இந்தக் கேஸை வேறு கோர்ட்டுக்கு மாற்றலாமா என்று நானே கேட்டேன். இரண்டு பக்கமும் வேண்டாம் என்றார்கள். பழைய வக்கீல் திரும்பி வந்திருந்தார். இந்தத் தடவை அந்த மனிதர் கூண்டில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி பேசினார்.

கல் விழுந்த நேரத்தில் அவர் ஆலை வாசலிலேயே இல்லை. போலீஸ் லாரி வந்ததைப் பார்த்ததும் பயந்து, மறியலில் நின்ற கூட்டாளிகளிடம் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டார். தேக்காவுக்குப் பக்கத்தில் ஒரு மாட்டுக் கொட்டகையில் புகுந்து, பால் கறக்க உதவிக்கொண்டு இருந்தார். இதைச் சொல்லும்போது அவர் குரல் எழும்பவே இல்லை. ஆலைத் தொழிலாளிகள் ஒரு பெஞ்சு முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். அவருக்காக வந்தவர்கள். அவர் சொல்லி முடிப்பதற்குள் ஒவ்வொருவராக எழுந்து வெளியே போய்விட்டார்கள். ஒருவன் வாசலில் நின்று காறித் துப்பினான். கல்லெறிந்த வீரன் என்று அதுவரை அவரைத் தோளில் தூக்கி வைத்திருந்தவர்கள் அவர்கள்.

கொட்டகைக்காரர் வந்து, ஆமாம், என்னோடுதான் இருந்தார் என்றார். அடிபட்ட போலீஸ்காரரும் நேர்மையானவர்தான். முதுகை மட்டும்தான் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை என்று குறுக்கு விசாரணையில் ஒத்துக்கொண்டார். நான் தீர்ப்பு எழுத அதிக நேரம் ஆகவில்லை. குற்றவாளி இல்லை. விடுதலை.

அவர் மனைவி குழந்தையின் கையைப் பிடித்து எனக்குக் கும்பிடு போட வைத்தாள். நான் பார்க்காத மாதிரி எழுந்து உள்ளே போய்விட்டேன். உள்ளே போய் மனசுக்குள் சந்தோஷப்பட்டேன், மறைப்பானேன்? அன்றைக்கு எனக்கு என் வேலை அவ்வளவு பிடித்திருந்தது.

அந்தச் சந்தோஷம் கோப்பி ஆறும் வரைகூட நிற்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் கதவைத் தட்டினார். "படியிறங்குறப்பவே பிடிச்சுட்டாங்க."

"யாரை? எந்தக் குற்றத்துக்கு?"

"குற்றம் ஒண்ணும் இல்லையாம். நாடு கடத்துற உத்தரவாம். கையில தயாரா வெச்சிருந்தாங்க."

தயாராக வைத்திருந்தார்கள்! நான் அங்கே உட்கார்ந்து முதுகா முகமா என்று கேட்டுக்கொண்டிருந்தபோதே அது யாரோ ஒருவருடைய சட்டைப் பையில் இருந்திருக்கிறது. பிரஜை இல்லாதவரைக் காரணம் சொல்லாமல் அனுப்பவும் அவர்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. வக்கீல் பெரிய கோர்ட்டுக்கு ஓடினார். அங்கே இருந்த நீதிபதி, உத்தரவு ஒழுங்காகக் கையெழுத்தாகியிருக்கிறது, காரணம் கேட்கும் அதிகாரத்தைச் சட்டம் எனக்குக் கொடுக்கவில்லை என்று சொல்லிவிட்டார். அவர் மேல் தப்பில்லை. அந்த நாற்காலியில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அந்தச் சட்டத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. ஆனாலும் அது சட்டம். பிடித்த சட்டத்தை மட்டும் கையில் எடுப்பேன் என்றால், நானும் அந்தத் துணிக்கடைக்காரரும் ஒன்றுதான்.

வேறு சமயமாக இருந்தால் தொழிற்சங்கம் ஊரைக் கூட்டியிருக்கும். ஆலை வாசலில் கொடி பிடித்திருப்பார்கள், பத்திரிகையில் படம் வந்திருக்கும். இந்த ஆளுக்காக ஒருவரும் வரவில்லை. மறியலிலிருந்து ஓடிப்போனவனுக்கு யார் வருவார்கள்?

கப்பல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அன்று காலையில் அவர் மனைவி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டாள். நான் இறங்கி வருவதற்குள் அம்மா கேட்டைத் திறந்து, உள்ளே உட்கார வைத்து, கோப்பியும் கொடுத்திருந்தாள். அவள் குடிக்கவில்லை. குழந்தை ரொட்டியைப் பிட்டு வாயில் அடைத்துக்கொண்டிருந்தது.

"உங்களுக்கு மேல ஆள் தெரியுமாமே. ஒரு போன் பண்ணுங்கம்மா. ஒரே ஒரு போன். வேற ஒண்ணும் கேக்கல."

தெரியும்தான். மழையைப் பற்றிப் பேசிய அந்த மனிதரின் எண் எனக்கு மனப்பாடம். தொலைபேசி நாங்கள் மூன்று பேரும் பார்க்கும்படி சுவரோரம் ஸ்டூலில் இருந்தது.

"நான் அப்படிப் பேசக் கூடாதும்மா. கோர்ட்டுல நான் செய்ய முடிஞ்சதைச் செஞ்சிட்டேன். வெளியில எனக்கு அதிகாரம் கிடையாது."

"அதிகாரம் வேணாம். சும்மா சொல்லுங்க. நல்ல மனுசன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"பண்ணுடி," என்றாள் அம்மா. "அப்பா சத்தியமா யாருக்கும் தெரியப்போறதில்ல. பண்ணு."

பண்ணியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர் எனக்காகச் செய்திருக்கலாம். நல்ல மனிதர் என்று சொன்னேனே. அடுத்த மாதம் அவர் கூப்பிட்டு மழையைப் பற்றிப் பேசுவார், பிறகு வேறு யாரோ ஒருவருடைய கேஸைப் பற்றிக் கேட்பார். அப்போது நான் என்ன சொல்வது? பின் பெஞ்சில் இடம் இருக்கிறது என்றா? என் முன்னால் வந்து நிற்கப்போகிற முகம் தெரியாத ஒருவருக்காக, முகம் தெரிந்த இவளை நான் கைவிட வேண்டியிருந்தது. அது தப்பு என்று இன்றைக்கும் நான் சொல்லமாட்டேன். சரி என்று சொல்லவும் வாய் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன், முடியாது என்று.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. குழந்தையின் வாயைத் துடைத்துத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு உங்க காலுல விழுந்துட்டு வந்தாரே, அதுக்கப்புறமும் அவரு ஒத்துக்கிறேன்னுதான் சொன்னாரு. ஓடிப்போனத வெளிய சொன்னா கூட்டாளிங்க மூஞ்சில முழிக்க முடியாது, கல்லெறிஞ்சவனாவே இருந்துட்டுப் போறேன், தொழிற்சங்கம் பாத்துக்கும்னாரு. நான்தான் விடல. தினமும் சண்டை போட்டேன். அந்தம்மா மூஞ்சியப் பாத்தேன், அது உண்மையத்தான் கேக்குது, உண்மையச் சொன்னா பயம் இல்லன்னு சொல்லுச்சுன்னு, நான்தான் சொல்ல வெச்சேன்."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அம்மா ஆறிப்போன கோப்பியை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டினாள். சாயங்காலம் தஞ்சோங் பகார் துறைமுகத்திலிருந்து கப்பல் போய்விட்டது. அவளும் குழந்தையும் பின்னால் போனார்களா, இங்கேயே இருந்தார்களா, எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் நான் துணியவில்லை.

திங்கட்கிழமை காலையில் கோர்ட்டுக்குப் போனேன். முதல் கேஸே தமிழ் ஆள். ஒத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். மொழிபெயர்ப்பாளர் என் பக்கம் திரும்பிக் காத்திருந்தார். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, எனக்குப் பிடிக்கும் என்று எதையும் சொல்ல வேண்டாம், உண்மையை மட்டும் சொல்லச் சொல்லுங்கள் என்றேன். பயம் வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை.